முன்கூட்டியே எழுதிய ஜலதோஷம்

மூன்றாவது கடிதம் வந்த புதன்கிழமைதான் துருவிக்கு அந்த மை விஷயம் கண்ணில் பட்டது. கடிதம் முழுக்க நீல மை. மேலே வலது ஓரத்தில் தேதி மட்டும் கறுப்பு மை.

வேறு ஒரு புருஷனாக இருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டான். கவனித்தாலும், பேனா தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துவிட்டு டீ போடப் போயிருப்பான். ஆனால் துருவி காப்பீட்டு கம்பெனியில் ஆய்வாளன். வீட்டில் தண்ணீர் புகுந்தது, டிவி கருகியது, பீரோவை உடைத்து யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள் என்று ஜனங்கள் இழப்பீடு கேட்டு எழுதினால், டேப்பும் டார்ச்சுமாகப் போய், தண்ணீர் தானாகப் புகுந்ததா அல்லது வாளியில் மொண்டு ஊற்றப்பட்டதா என்று பார்த்து எழுதுவது அவன் உத்தியோகம். பதினோரு வருஷ சர்வீஸில் அவன் கற்ற முதல் பாடம் இதுதான்: பில்லில் தேதி மட்டும் வேறு மையில் இருந்தால், அந்த பில் பிறந்த நாள் வேறு.

அவனுடைய நிஜப் பெயர் அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. துருவித் துருவிக் கேட்பதால் துருவி. கேன்டீனில்கூட 'துருவி சாருக்கு ஒரு டீ' என்றுதான் சொல்வார்கள். அவனும் டம்ளரைத் தூக்கி அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பான்.

முதல் இரண்டு கடிதங்களையும் எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தான். மூன்றிலும் உடம்பு நீலம், தேதி கறுப்பு. துருவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை. இருந்தாலும் விசாரணைக்கு ஒரு முறை இருக்கிறது.

கடிதம் எழுதியவள் அவன் மனைவி. லாரி பட்டறையில் டீசல் மெக்கானிக். நாற்பது ஆம்பளைகளுக்கு நடுவே ஒரே பெண். ஸ்டார்ட் செய்யும் சத்தத்தை வைத்தே இன்ஜினுக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவாள். ராணுவத்தின் வாகனப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்தாள், எடுத்தும்விட்டார்கள். பதினாலு வாரப் பயிற்சி. முதல் எட்டு வாரம் போன் கிடையாது, லீவு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கடிதம் மட்டும்.

இதை அவள் சொன்னபோது துருவி ஷேவ் செய்துகொண்டிருந்தான்.

"எனக்கு இடம் கிடைச்சிருக்குங்க."

"எங்க?"

"ராணுவத்துல."

"யார் சொன்னது?"

"ராணுவம்தான்."

அவன் முகத்தில் பாதி நுரையோடு கடிதத்தை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முத்திரை அசலா என்று பார்த்தான். அசல்தான். அதில்தான் அவனுக்கு வருத்தம்.

கிளம்புகிற அன்று அவள் ஒரு படிவத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனாள். குடும்ப ஒப்புதல் படிவம். பயிற்சி முடிந்ததும் மூன்று வருஷம் அவர்கள் அனுப்பும் பட்டறையில் வேலை. அதற்குக் கணவருக்குச் சம்மதம் என்று கையெழுத்து. எட்டாவது வாரச் சனிக்கிழமைக்குள் முகாம் ஆபீசுக்கு வந்து சேராவிட்டால், பயிற்சியில் இருப்பவரை நன்றிக் கடிதத்தோடு வீட்டுக்கு அனுப்பிவைப்போம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவள் பக்கத்துக் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அவன் பக்கம் வெறுமை.

"அவசரமில்ல, சாவகாசமா போடுங்க," என்றாள்.

"பார்க்கிறேன்," என்றான் துருவி. இழப்பீடு கேட்டு வருகிறவர்களிடம் அவன் சொல்லும் அதே 'பார்க்கிறேன்'. அதைக் கேட்டவர்களில் சிலர் மூன்று வருஷமாக இன்னும் காத்திருக்கிறார்கள்.

இப்போது மேஜைமேல் மூன்று கடிதங்கள். துருவி முதலிலிருந்து படித்தான்.

'அன்புள்ள துருவி சாருக்கு, நலம். பயிற்சி நன்றாகப் போகிறது. சாப்பாடு பரவாயில்லை. இங்கே எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள். இன்று லேசாகத் தூறியது. வீடு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். கவலைப்பட வேண்டாம்.'

அந்த வாரத்துப் பழைய பேப்பர்களைத் தேடியெடுத்தான். முகாம் இருக்கும் பக்கம் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் கொளுத்தியிருக்கிறது. தவிர, அவன் எழுதிய பதிலில் நம்பர் போட்டு ஏழு கேள்விகள் கேட்டிருந்தான். சமையலறைக் குழாய் உடைந்து இரண்டு நாள் வீடு குளமாகக் கிடந்ததையும் விவரமாக எழுதியிருந்தான். அதற்கு இரண்டாவது கடிதத்தில் வந்த பதிலும் அதே வரி: வீடு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பதினோரு வருஷத்தில் அவன் கற்ற இரண்டாவது பாடம்: உண்மை பேசுகிறவன் கதையில் சம்பந்தமில்லாத ஒரு எரிச்சல் இருக்கும். வீடு எரிந்ததைச் சொல்லும்போதே, 'அன்னிக்குப் பார்த்து செருப்பு வேற அறுந்துடுச்சு சார்' என்பான். பொய் சொல்கிறவன் வீட்டில் செருப்பு அறுவதே இல்லை. இந்த மூன்று கடிதத்திலும் ஒரு செருப்பும் அறுந்திருக்கவில்லை.

மூன்றாவது கடிதத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தான். தாளில் எழுத்துக்களுக்கு நடுவே வேறு எழுத்துக்களின் தடம். மேல் தாளில் அழுத்தி எழுதியது கீழ்த் தாளில் பதிந்திருக்கிறது. அவள் ஸ்பேனர் பிடிக்கிற கை. பேனாவையும் அப்படித்தான் பிடிப்பாள். துருவி பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தான். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக வரிகள் மிதந்து வந்தன.

'...லேசாக ஜலதோஷம். இரண்டு நாளில் சரியாகிவிடும். கஷாயம் எல்லாம் அனுப்ப வேண்டாம்...'

அவன் முதல் இரண்டு கடிதங்களையும் புரட்டினான். ஜலதோஷம் எதிலும் இல்லை. அப்படியென்றால் இது இன்னும் வராத கடிதம்.

ஃபைல் ஒன்றை எடுத்து, மேலே கேஸ் நம்பர் போட்டான். 'பார்ட்டி: மனைவி' என்று எழுதினான்.

மறுநாள் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தான். அவன் ரிப்போர்ட்டுகளை எல்லாம் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். ஊரில் யார் வீடு எப்படி எரிந்தது என்பது அவனுக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் தெரியும்.

"அக்கா, ஒரு கேஸ். பார்ட்டி வெளியூர்ல. வாராவாரம் ரிப்போர்ட் அனுப்புது. ஆனா எல்லா ரிப்போர்ட்டும் ஒரே மூச்சுல முன்னாடியே எழுதி வெச்சது. தேதி மட்டும் அப்பப்ப போட்டிருக்கு. என்ன அர்த்தம்?"

"பார்ட்டி ஆணா பெண்ணா?"

"அது இந்தக் கேஸுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."

"அப்ப உன் பொண்டாட்டி."

துருவி பக்கத்து மேஜையைப் பார்த்தான். பக்கத்து மேஜை அக்கறையோடு திரும்பியது.

"மெதுவா பேசுங்கக்கா."

"இதுல ரெண்டே ரெண்டுதான் தம்பி," என்று அக்கா டைப் செய்வதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஒண்ணு, அங்க போனா எழுத நேரம் இருக்காதுன்னு நெனச்சிருக்கா."

"இன்னொண்ணு?"

"நேரம் இருக்கும், ஆனா அதுக்கு வேற ஆள் இருக்கு."

"அக்கா!"

"நான் பொதுவாச் சொன்னேன்பா. நீதான் பார்ட்டி பேரைச் சொல்லலையே." அவள் மறுபடி டைப் செய்ய ஆரம்பித்தாள். அன்று மாலைக்குள் மேலாளர் உட்பட நாலு பேர் துருவியின் தோளைத் தட்டி, 'தைரியமா இருங்க' என்றார்கள். எதற்கு என்று கேட்டால், சும்மாதான் என்றார்கள்.

சாயங்காலம் துருவி அவள் பீரோவைத் திறந்தான். திருட்டுப் போன வீட்டில் செய்வதைப் போலவே செய்தான். எதையும் தொடுமுன் போட்டோ. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல். பிறகு பட்டியல். போனவை: நாலு சட்டை, ஸாக்ஸ், ஒரு ஸ்பேனர் செட். இருப்பவை: புடவைகள், ஹேர்பின் டப்பா, தலைக்கு எண்ணெய், சீப்பு.

சீப்பு. அவன் அதைக் கைக்குட்டையால் எடுத்துப் பார்த்தான். இடுப்பு வரை முடி இருக்கிற பெண் பதினாலு வாரத்துக்குச் சீப்பில்லாமல் போவாளா? போகிற இடத்தில் ஏற்கனவே சீப்பு இருந்தாலொழிய! யாருடைய சீப்பு? அந்த ஒரு கேள்வி அவனுடைய இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தின்றது.

நாலாவது கடிதத்தில் ஜலதோஷம் வரவில்லை. 'உடற்பயிற்சி பழகிவிட்டது' என்று இருந்தது. துருவி ஒரு பொறி வைத்தான். பதிலில், வீட்டில் தனியாக இருப்பது கஷ்டமாக இருப்பதால் ஒரு பூனை வளர்க்கிறேன், அது உன் தலையணையில்தான் படுக்கிறது என்று எழுதினான். பூனை முடி பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். தெருவில் பூனையைப் பார்த்தாலே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறவள். இதற்குப் பதில் வராவிட்டால் அவன் கடிதங்கள் அவளுக்குப் போய்ச் சேரவில்லை, அதாவது அவள் அங்கே இல்லை.

ஐந்தாவது கடிதம் புதன்கிழமை வந்தது. துருவி உறையைப் பிரிக்குமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

'லேசாக ஜலதோஷம். இரண்டு நாளில் சரியாகிவிடும். கஷாயம் எல்லாம் அனுப்ப வேண்டாம்.'

பூனை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஊரில் எத்தனையோ பேர் ஆபீசுக்கு லீவு போட முந்தின நாளே தலைவலியைத் திட்டமிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே ஜலதோஷத்தை எழுதி, அதற்குக் கஷாயமும் மறுத்துவைத்தவளை துருவி இப்போதுதான் பார்க்கிறான். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு மரியாதைகூட வந்தது. அவன் பார்த்த கேஸ்களிலேயே மிகச் சுத்தமான வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனான். மாமியார் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முதுகை வைத்தே கண்டுபிடிப்பார். துருவிக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால் அது அவரிடம்தான்.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, பை கனமா இருக்கு?"

"ஆபீஸ் ஃபைல் அத்தை."

"ஞாயித்துக்கிழமையில?"

"அவசர கேஸ்." அவன் உட்கார்ந்தான். "அத்தை, உங்களுக்கு அவ கடிதம் எழுதறாளா?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"அவளுக்கு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு கடிதம்தான். அது உங்களுக்கு வருது. எனக்கு எப்படி வரும்?"

நியாயமான பதில். துருவி அதை மனதுக்குள் குறித்துக்கொண்டான். "அவ கிளம்புறதுக்கு முந்தி இங்க வந்தாளா?"

"வந்தா. மூணு நாள் சாயங்காலம் பட்டறையிலேர்ந்து நேரா இங்க வந்து, அதோ அந்த மேஜையில உட்கார்ந்து எழுதினா. பரீட்சைக்குப் படிக்கிற புள்ள மாதிரி. நான் டீ கொண்டு போய் வெச்சா கையால மூடிக்குவா."

துருவியின் காது நிமிர்ந்தது. "ஏன் எழுதறேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

மாமியார் அவனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். டிக்கெட்டைக் காட்டு என்று சொல்லாமல் சொல்கிற பார்வை. "மாப்பிள்ளை, அந்த ஒப்புதல் பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"பரிசீலனையில இருக்கு அத்தை."

"ஆறு வாரமா?"

"கொஞ்சம் விசாரணை பாக்கி."

"டிக்கெட் எடுத்தவங்ககிட்ட நாலு தடவை டிக்கெட் கேட்டா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவாங்க." அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். "அவ சொன்னதை அவகிட்டயே கேட்டுக்குங்க. பொட்டிக்குள்ள இருக்கிறதைச் சொல்லிக் குடுக்கிற கண்டக்டர் நான் இல்ல."

கடிதங்கள் கிளம்புமுன்பே எழுதப்பட்டவை என்பது நிரூபணமாகிவிட்டது. சாட்சி வேறு கிடைத்தாகிவிட்டது. துருவிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அவன் தன் ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டான்.

எட்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை முகாம் ஆபீசிலிருந்து ஒரு நினைவூட்டல் வந்தது. படிவம் வந்து சேரவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் வரவேண்டும். தபாலில் தாமதமாகும் என்று நினைப்பவர்கள் நேரில் கொண்டுவந்து கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பவர்களுக்குப் பயிற்சியில் இருப்பவரைப் பத்து நிமிஷம் பார்க்க அனுமதி உண்டு.

சனிக்கிழமை காலை துருவி ஃபிரிட்ஜிலிருந்து படிவத்தைக் கழற்றினான். காந்தம் இருந்த இடத்தில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. கையெழுத்துப் போடாமலே ஃபைலில் வைத்தான். ஏழு கடிதங்கள், பென்சில் தடவிய பிரதி, மழை இல்லாத பேப்பர் கட்டிங், சீப்பின் போட்டோ. கேள்விகள் பன்னிரண்டு. திட்டம் எளிமையானது: அவள் அங்கே இல்லையென்றால் கையெழுத்துக்கு அவசியமில்லை. இருந்து, பதில் சரியில்லையென்றாலும் அவசியமில்லை. பதில் சரியாக இருந்தால் என்ன செய்வது என்பதைத் திட்டத்தில் சேர்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

மூன்று மணி நேர பஸ் பயணம். முகாம் வாசலில் ஒரு சின்ன அறை, நடுவே தடுப்புப் பலகை, அந்தப் பக்கம் ஒரு சார்ஜென்ட், சுவரில் ஒரு கடிகாரம். வெளியே தரை புழுதியாகக் காய்ந்து கிடந்தது. தூறல் எல்லாம் இங்கே யாரும் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும்.

"படிவமா?" என்றார் சார்ஜென்ட்.

"ஆமா."

"குடுங்க."

"முதல்ல பார்ட்டியைப் பார்க்கணும்."

சார்ஜென்ட் தலையைத் தூக்கி அவனையும், அவன் ஃபைலையும், ஃபைல்மேல் இருந்த கேஸ் நம்பரையும் பார்த்தார். "இந்த ரூமுக்குப் பூங்கொத்தோட வந்திருக்காங்க. கைக்குழந்தையோட வந்திருக்காங்க. அழுதுட்டே வந்தவங்க நெறைய. ஃபைலோட வந்த புருஷன் நீங்கதான் சார் மொதல்."

"அவங்க இங்கதான் இருக்காங்களா?"

"இல்லாம எங்க போவாங்க?"

"அதைத்தான் கேட்கறேன்."

சார்ஜென்ட் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு, போனை எடுத்து அவள் பயிற்சி நம்பரைச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் மைதானத்தின் கோடியிலிருந்து யாரோ ஒரு பையன் ஓடி வருவது தெரிந்தது. துருவி அவனைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பையன் கிட்டே வந்ததும் அவளாகிவிட்டான்.

தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. காது இரண்டும் தனியாக நின்றன. அந்தக் காதுகள் இவ்வளவு பெரிசு என்று கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவனுக்குத் தெரியாது. சீப்பு சம்பந்தப்பட்ட கேள்வியை அவன் மனதுக்குள் அடித்துவிட்டான். முழங்கையில் காய்ந்த ரத்தப் பொருக்கு. இடது காலை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தாள்.

அவள் பலகைக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்றாள். சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நிமிஷம்," என்றார்.

"எங்க பூனை?" என்றாள் அவள்.

துருவி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"என் தலையணையில படுக்க வெச்சிருக்கீங்களாமே. கொண்டு வரலையா?"

"பூனை இல்ல. அது ஒரு... சோதனை."

"தெரியும். உங்களுக்குப் பூனையைத் தூக்கக்கூடத் தைரியம் கிடையாது." அவள் கண் ஃபைலுக்குப் போனது. "கேஸ் நம்பர் எல்லாம் போட்டாச்சா?"

துருவி ஃபைலைத் திறந்தான். பேப்பர் கட்டிங் நழுவிக் கீழே விழுந்தது. அவன் கடிதங்களைப் பலகைமேல் பரப்பினான். "உடம்பு நீல மை. தேதி கறுப்பு. மழை பெய்யாத அன்னிக்கு மழை. மூணாவது கடிதத்துக்கு அடியில அஞ்சாவது கடிதத்து ஜலதோஷம். எல்லாம் உங்கம்மா வீட்டுல உட்கார்ந்து எழுதினது. சாட்சி இருக்கு."

சார்ஜென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுதுவதுபோலப் பேனாவை மட்டும் ஆட்டினார்.

அவள் பென்சில் தடவிய தாளை எடுத்துப் பார்த்தாள். "கட்டு கலைஞ்சு போச்சு. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டேன்," என்றாள். "நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஜலதோஷமா எழுதியிருக்கேன்? எனக்கே மறந்து போச்சு."

"எதுக்கு இதெல்லாம்?"

"உங்களுக்காக இல்ல. எனக்காக." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல இருக்கும்போது தெம்பா இருந்தேன். தெம்பா இருக்கும்போதே எழுதி வெச்சிட்டேன். இங்க வந்தப்புறம் எழுதினா உண்மையை எழுதிடுவேன்னு தெரியும்."

"உண்மை என்ன?"

"மொத வாரம் மூணு தடவை பையைக் கட்டினேன். கால் நகம் ரெண்டு கறுத்து விழுந்துடுச்சு. பக்கத்துப் படுக்கைக்காரி என் சோப்பை எடுத்துத் துணி துவைச்சிட்டு, அப்படியே நனைஞ்ச சோப்பை என் ஸாக்ஸுக்குள்ள வெச்சிட்டா. அன்னிக்கு அந்தச் சோப்புக்காக உட்கார்ந்து அழுதேன், கேட்டுக்குங்க. மொத ஞாயித்துக்கிழமை நிஜமாவே ஒரு கடிதம் எழுதினேன். ஒரே வரி. வந்து கூட்டிட்டுப் போங்க."

"அது எங்க?"

"கிழிச்சிட்டு, தூறல் கடிதத்தைப் போட்டேன்."

"நான் வந்திருப்பேன்."

"அதான்."

"அடுத்த பஸ்ஸுலயே வந்திருப்பேன்."

"அதான் சொல்றேன். நீங்க வந்து நின்னிருந்தா நானும் ஏறிப் போயிருப்பேன்."

கடிகாரம் நாலு நிமிஷத்தைத் தின்றிருந்தது. துருவி அவள் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாக அடுத்தவர் பொய்யில் ஓட்டை தேடியவனுக்கு அப்போது தன் ஃபைலில் ஒரு ஓட்டை தெரிந்தது. கம்பெனிக்கு ஒரு இழப்பீட்டைக் கொடுக்க மனமில்லாவிட்டால், பார்ட்டி ஏமாற்றியதாக ஒரு தடயம் தேடச் சொல்வார்கள். தடயம் கிடைத்தால் கொடுக்கவேண்டியதில்லை. அவன் இத்தனை வாரமாகத் தேடியது அதைத்தான். தேடச் சொன்னது கம்பெனி அல்ல, அவனேதான்.

"இப்ப?" என்றான்.

"இப்ப என்ன?"

"இப்ப வான்னு கூப்பிட்டா?"

மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். அவள் தோள் தானாக நிமிர்ந்து, பிறகு தளர்ந்தது. "கேட்காதீங்க," என்றாள். "கேட்டா வந்துடுவேன். இன்னும் அந்த அளவுக்குத் தெம்பு வரல. ஆனா வந்தப்புறம் தினம் காலையில உங்களுக்கு டீ வைக்கும்போது இது ஞாபகம் வரும். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். டம்ளரை மட்டும் வைப்பேன்."

துருவி அந்த டம்ளரை நினைத்துப் பார்த்தான். அதன் அடியில் என்ன இருக்கும் என்று பார்க்கவேண்டிய அவசியமே இருக்காது.

பன்னிரண்டு கேள்விகள் இருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஃபைலின் கடைசியிலிருந்து படிவத்தை உருவினான். "பேனா இருக்கா?" என்று சார்ஜென்டிடம் கேட்டான். சார்ஜென்ட் சட்டென்று நீட்டினார். எட்டு நிமிஷமாக அதை நீட்டத் தயாராக இருந்தவர்போல.

துருவி கையெழுத்துப் போட்டான். மூன்று இடம். பொடி எழுத்துக்களின்மேல் கண்ணை ஓட்டக்கூட இல்லை. படிவத்தைத் தள்ளினான். சார்ஜென்ட் முத்திரை குத்தினார். சத்தம் பெரிதாகக் கேட்டது.

அவள் படிவத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு மலர்ந்தது பாதியில் நின்றது.

"படிக்கவே இல்லையே?"

"படிச்சாச்சு."

"எப்போ? இப்ப நீங்க படிக்கல. நான் பார்த்துட்டேதான் இருந்தேன்." அவள் புருவம் சுருங்கியது. "நம்ம கல்யாணப் பதிவேட்டுல கையெழுத்துப் போட இருபது நிமிஷம் எடுத்துக்கிட்டீங்க. பதிவாளர் போய் டீ குடிச்சிட்டு வந்தார். இதுல அஞ்சு செகண்டா?"

"நம்பிக்கைதான்."

"நம்பிக்கையா? உங்களுக்கா? திடீர்னு எங்கேர்ந்து வந்துச்சு?" அவள் பலகைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "மூணு வருஷம் நான் வெளியூர்ல இருந்தா உங்களுக்கு என்ன அவ்வளவு வசதி? அந்த டைப்பிஸ்ட் அக்காவுக்கு ஒரு தங்கச்சி உண்டே, இடமாற்றம் கேட்டிருந்தாளே, வந்துட்டாளா?"

"எந்தத் தங்கச்சி?"

"பாருங்க, கேள்விக்குக் கேள்வி. இப்படிப் பதில் சொல்ற பார்ட்டியைப் பத்தி நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

"ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாது!"

"சத்தியம் வேறயா!"

"நேரம் முடிஞ்சுது," என்றார் சார்ஜென்ட், கொஞ்சம் வருத்தத்தோடு.

அவள் விறைப்பாக நிமிர்ந்து நின்றாள். "ஞாயித்துக்கிழமை எழுதறேன். பதினஞ்சு கேள்வி. ஒண்ணு விடாம பதில் வரணும்," என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள். இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்தாலும் வேகமாகத்தான் ஓடினாள்.

துருவி கீழே விழுந்த கட்டிங்கைப் பொறுக்கி, கடிதங்களை அடுக்கி, ஃபைலின் நாடாவை இழுத்துக் கட்டினான். அவனை யாரும் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. அவ்வளவு தகுதி அவனிடம் இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. நிமிர்ந்தபோது அவன் காதுவரைக்கும் சிவந்திருந்தான். மைதானத்தின் கோடியில் அந்த ஒட்ட வெட்டிய தலை ஒரு பச்சை லாரிக்குப் பின்னால் போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தா," என்றான் சார்ஜென்டிடம். "கவனிச்சீங்களா?"

சார்ஜென்ட் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மூணு சார்," என்றார். "நீங்க குனிஞ்சு நாடா கட்டிட்டிருந்தப்ப ஒண்ணு."